உடைமாற்றும் அறைக்குள் நிருபர்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டம் முடிந்த சில நிமிடங்களில் கதவு திறக்கிறது. தோற்ற அணியின் வீரர் ஒருவர் இன்னும் காலணியைக்கூடக் கழற்றாமல், தன் லாக்கரைப் பார்த்தபடி நமக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருக்கிறார். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் கணுக்காலைச் சுற்றியிருந்த டேப்பை உதவியாளர் கத்தரித்து உரிக்கிறார். இன்னொருவர் இடுப்பில் துண்டோடு, தலையில் நீர் சொட்டச் சொட்டக் குளியலறையிலிருந்து வருகிறார். இவர்களுக்கு நடுவே இருபது முப்பது நிருபர்கள் மைக்கும் செல்போனும் குறிப்பேடுமாக, யாரிடம் முதலில் போவது என்று கண்களால் தேடிக்கொண்டே நுழைகிறார்கள். பேட்டி கொடுப்பவர் உடை மாற்றிக்கொண்டிருக்கையில் பேட்டி எடுப்பவர் எதிரே நின்று காத்திருப்பது, விளையாட்டுச் செய்தித் துறையில் மட்டுமே வழக்கமாகிவிட்ட ஒரு விநோதம்.

அந்த அறைக்குள் முதன்முறையாகப் போகவிருக்கும் நிருபர்களுக்காக இதை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தரப்பட்டிருப்பது பேசுவதற்கான அனுமதி. வீரர் உங்களிடம் சொன்னதை நீங்கள் தயக்கமின்றி எழுதலாம். தற்செயலாகக் கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் எழுதுவதற்கு முன் அவரிடமே போய்க் கேட்டாக வேண்டும். இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால், அனுமதியும் அந்தரங்கமும் ஒன்றோடொன்று மோதும் இடங்களில் பாதிக்கு மேல் தாமாகவே தெளிந்துவிடும்.

படி 1: எந்தக் கதவு, எவ்வளவு நேரம் என்பதை அறிந்துகொள்ளுங்கள்

எல்லா விளையாட்டுகளிலும் இந்த அறை நிருபருக்குத் திறப்பதில்லை. அங்கீகாரம் பெற்ற நிருபர்களை உள்ளே விடுவது பெரும்பாலும் வட அமெரிக்கத் தொழில்முறை லீக்குகளின் மரபு. அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல்., கூடைப்பந்தின் என்.பி.ஏ., பனி ஹாக்கியின் என்.எச்.எல்., பேஸ்பாலின் எம்.எல்.பி. ஆகியவை அப்படிப்பட்டவை, பேஸ்பாலில் இதே அறைக்குக் கிளப்ஹவுஸ் என்று பெயர். சர்வதேசக் கால்பந்திலும் ஒலிம்பிக்கிலும் வீரர்கள் வெளியேறும் வழியில் தடுப்பு வைத்து மிக்ஸட் ஸோன் அமைக்கிறார்கள். நின்று பேசுவதும் நிற்காமல் கடந்துபோவதும் பெரும்பாலும் வீரரின் விருப்பம். கிரிக்கெட்டில் டிரஸ்ஸிங் ரூம் நிருபருக்கு மூடிய இடம். சூதாட்டத் தரகர்களைத் தடுப்பதற்காக ஐ.சி.சி. வகுத்த விதிகளின்படி சர்வதேச ஆட்ட நாட்களில் அந்தப் பகுதிக்குள் யார் நுழையலாம் என்பதும், செல்போன் பயன்பாடும் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தப்படுகின்றன. டென்னிஸில் பேட்டி என்பது அனேகமாகப் பத்திரிகையாளர் கூட்டம்தான்.

அறை திறக்கும் லீக்குகளிலும் அந்த உரிமைக்கு எழுத்தில் எல்லை உண்டு. என்.எஃப்.எல்.லில் ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் மூச்சு விட்டுக்கொள்ள 10 முதல் 12 நிமிட அவகாசம் தந்த பிறகே கதவு திறக்கும். பயிற்சி நாட்களில் குறித்த நேரத்தில் 45 நிமிடம் திறந்திருக்கும். குளியலறை, சிகிச்சை அறை, பயிற்சியாளர்களின் உள்ளறை ஆகியவற்றுக்குள் நிருபருக்கு இடமில்லை. அடையாள அட்டை கைக்கு வந்த அன்றே நான்கு விவரங்களை அணியின் ஊடக மேலாளரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கதவு எப்போது திறக்கும், எப்போது மூடும், உள்ளே எந்தெந்த இடம் விலக்கு, படம் எடுக்கவும் ஒலிப்பதிவு செய்யவும் எங்கே அனுமதி. இவற்றைக் கேட்பது அறியாமையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று புதியவர்கள் கூச்சப்படுவார்கள். கேட்காமல் போய்ச் சிகிச்சை மேசைக்கு அருகில் நிற்பவரைத்தான் அந்த அறை நெடுநாள் நினைவில் வைத்திருக்கும்.

படி 2: 'அந்தரங்கம்' என்ற சொல்லின் பழைய கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

வழிகாட்டியில் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். அந்தரங்கத்தைக் காரணம் காட்டி உங்களை வெளியே நிறுத்தினால், அது உண்மையான கவலையா சாக்கா என்று பிரித்தறிய இந்த வரலாறு தேவைப்படும்.

1975 ஜனவரியில் மான்ட்ரியலில் நடந்த என்.எச்.எல். ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குப் பிறகு ராபின் ஹெர்மன், மார்செல் செயின்ட் சிர் என்ற இரண்டு பெண் நிருபர்கள் வீரர்களின் அறைக்குள் நுழைந்தபோது, ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களே அன்றைய செய்தியாகிப்போனார்கள். பேஸ்பாலின் ஆண்டு இறுதிச் சாம்பியன் போட்டியான உலகத் தொடரில், 1977-ல், 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் மெலிசா லட்கே நியூயார்க் யாங்கி மைதானத்தின் கிளப்ஹவுஸுக்குள் போகத் தடுக்கப்பட்டார். வீரர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்காகவே இந்தத் தடை என்று பேஸ்பால் ஆணையர் போவி கூன் தரப்பு வாதிட்டது. வழக்கை விசாரித்த நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி, 1978 செப்டம்பரில் அந்தத் தடை சட்டத்தின் முன் சமத்துவத்தை மீறுகிறது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க் நகரம் அந்த மைதானத்தைக் குத்தகைக்கு விட்டிருந்ததால், அரசைக் கட்டுப்படுத்தும் அரசமைப்புச் சட்டம் அங்கேயும் செல்லுபடியானது.

அந்தத் தீர்ப்பில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உலகத் தொடர் ஆட்டங்கள் முடிந்ததும் ஆண் நிருபர்கள் தொலைக்காட்சிக் கேமராவுடன் அதே அறைக்குள் போய் நேரலை செய்துவந்தார்கள். பேசும் வீரருக்குப் பின்னால் ஒரு தட்டி மட்டும் வைத்து மற்றவர்களை மறைத்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்க்கும் கேமராவுக்கு ஒரு தட்டி போதுமென்றால், குறிப்பேட்டோடு வரும் ஒரு பெண்ணுக்கு முழுக் கதவையும் சாத்த வேண்டியதில்லை. லாக்கருக்கு முன் ஒரு திரை, இடுப்பில் ஒரு துண்டு என்று எளிய ஏற்பாடுகளாலேயே அந்தரங்கத்தைக் காத்துவிடலாம் என்பது நீதிபதியின் பார்வை. இந்தத் துறையில் இதுவரை சொல்லப்பட்டவற்றுள் மிகவும் நடைமுறைக்கு உகந்த யோசனை இதுவே என்பது என் எண்ணம். துண்டையும் திரையையும் வைத்து முடிக்கக்கூடிய காரியத்துக்குத்தான் பல பத்தாண்டுகளாகப் பெரிய வாதங்கள் நடந்துவருகின்றன.

தீர்ப்போடு எல்லாம் சீராகிவிடவில்லை. 1984-ல் பேஸ்பாலின் நேஷனல் லீக் இறுதித் தொடரின்போது கிளேர் ஸ்மித் என்ற நிருபர் சான் டியாகோ பாட்ரஸ் அணியின் கிளப்ஹவுஸிலிருந்து வெளியேற்றப்பட்டார். அந்த அணியின் ஸ்டீவ் கார்வி தாமே வெளியே வந்து அவருக்குப் பேட்டி கொடுத்தார். அடுத்த ஆண்டு பேஸ்பால் நிர்வாகம் எல்லாக் கிளப்ஹவுஸ்களையும் ஆண், பெண் வேறுபாடின்றித் திறக்க உத்தரவிட்டது. 1990-ல் 'பாஸ்டன் ஹெரால்ட்' நிருபர் லிசா ஓல்சன் ஓர் என்.எஃப்.எல். அணியின் அறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது வீரர்கள் சிலரால் ஆபாசமாகத் துன்புறுத்தப்பட்டார். லீக் நியமித்த விசாரணை அவர் சொன்னதை உறுதிசெய்தது. அந்த அறையில் மானமும் பாதுகாப்பும் வீரருக்கு மட்டும் உரியவை அல்ல. வீரரோ ஊழியரோ உங்களிடம் எல்லை மீறினால் நேரம், இடம், அருகில் இருந்தவர்கள் ஆகிய விவரங்களை அன்றே எழுதி, உங்கள் ஆசிரியருக்கும் அணியின் ஊடக மேலாளருக்கும் அனுப்புங்கள். 'இதெல்லாம் இங்கே சகஜம்' என்று மூத்தவர் எவராவது சொன்னாலும் அனுப்புங்கள்.

அண்மைக்காலத்தில் வாதத்தின் முகம் மாறியிருக்கிறது. 2020 மார்ச்சில் கொரோனா பரவல் காரணமாக என்.பி.ஏ., என்.எச்.எல்., எம்.எல்.பி., கால்பந்தின் எம்.எல்.எஸ். ஆகிய நான்கு லீக்குகள் ஒரே அறிவிப்பில் வீரர்களின் அறைகளை நிருபர்களுக்கு மூடின. மீண்டும் திறந்தபோது, மூடியிருந்ததே நன்றாக இருந்தது என்று நினைத்த வீரர்கள் பலர் இருந்தார்கள். 2024 அக்டோபரில் என்.எஃப்.எல். வீரர்கள் சங்கம், பேட்டிகளை உடைமாற்றும் அறைக்கு வெளியே நடத்த வேண்டும் என்று பகிரங்கமாகக் கோரியது. எந்த நிருபர் வரலாம் என்பதில் இந்தக் கோரிக்கை வேறுபாடு காட்டவில்லை. எந்த இடத்தில் பேசலாம் என்பதைத்தான் கேட்கிறது. ஆகவே இதைப் பழைய சாக்கோடு சேர்த்துத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

படி 3: அந்த அறை உண்மையிலேயே தேவையா என்று பாருங்கள்

பத்திரிகையாளர் கூட்டத்தில் கிடைக்கும் பதிலுக்காக அறைக்குள் போகாதீர்கள். இத்தனாவது நிமிடத்தில் நடந்த மாற்றம் ஏன், அடுத்த ஆட்டத்தில் யார் என்பன போன்ற கேள்விகளை வெளியிலேயே கேட்டுவிடலாம். அறை பயன்படுவது வேறொன்றுக்கு: கேமராக்கள் தேடாத மாற்று ஆட்டக்காரரோடு இரண்டு நிமிடம் பேசுவதற்கு, நேற்று எழுதியதில் பிழை உண்டா என்று கேட்பதற்கு, உங்கள் முகத்தை அவர்கள் அறிவதற்கு. இந்த மூன்றாவது காரியம் எந்தச் செய்தியிலும் தென்படாது. ஆயினும் ஆறு மாதம் கழித்து ஒரு வீரர் உங்கள் அழைப்பை எடுத்தால், அதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

நீண்ட பேட்டி வேண்டுமென்றால் ஊடக மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வேறு இடமும் நேரமும் கேளுங்கள். துண்டோடு நிற்பவரிடம் இருபது நிமிடப் பேட்டி எடுப்பது இருவருக்கும் தொல்லை.

படி 4: உள்ளே நிற்கும் விதம்

சிறு விஷயங்கள்தான். ஆனால் மரியாதையை அங்கே இவற்றைக் கொண்டுதான் அளக்கிறார்கள். நுழைந்ததும் லாக்கர்களை ஒட்டி நிற்காமல் அறையின் நடுப்பகுதியில் நில்லுங்கள். ஆனால் தரைவிரிப்பில் அணியின் சின்னம் இருந்தால் அதை மிதிக்காதீர்கள், குறிப்பாகப் பனி ஹாக்கி அணிகள் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொள்ளும். வீரரின் இருக்கையில் உட்காராதீர்கள். யாருடைய லாக்கர் கதவிலும் சாயாதீர்கள். மேசையில் இருக்கும் உணவு அவர்களுக்கானது. கையொப்பம் கேட்பது, சேர்ந்து படம் எடுத்துக்கொள்வது ஆகிய இரண்டும் உங்கள் அடையாள அட்டையையே பறித்துவிடக்கூடிய தவறுகள்.

வீரர் உடுத்தி முடிக்கும்வரை காத்திருப்பதே முறை. டெட்லைன் நெருங்குகிறதென்றால் நான்கைந்து அடி தள்ளி நின்று, 'உங்களுக்குத் தோதான நேரத்தில் இரண்டு கேள்வி, நான் அங்கே நிற்கிறேன்' என்று சொல்லிவிட்டு விலகுங்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு மூன்றைத் தருகிறது: எத்தனை கேள்வி என்ற அளவு, உடுத்திக்கொள்ள நேரம், மறுப்பதற்கு வாய்ப்பு. சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று சொல்பவரிடம் 'பரவாயில்லை, இப்படியே பேசலாம்' என்று சொல்லாதீர்கள். பரவாயில்லை என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். பேசும்போது பார்வை முகத்தில் இருக்கட்டும், அல்லது குறிப்பேட்டில் இருக்கட்டும். பழைய நிருபர்களில் சிலர், கண் அலைகிறது என்ற பேச்சுக்கே இடம் தரக்கூடாது என்று பெரிய குறிப்பேட்டை மார்புக்கு நேரே பிடித்து எழுதுவார்கள். செல்போன் திரையை வெறித்துக்கொண்டு நிற்பதைவிட அது மேல்.

கேமராவோடு போகிறவர்களுக்குக் கூடுதல் பொறுப்பு உண்டு. 2015-ல் என்.எஃப்.எல். நெட்வொர்க் ஓர் அணியின் அறையிலிருந்து நேரலையாக ஒரு வீரரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது, பின்னணியில் ஆடையின்றி இருந்த வீரர்கள் ஒளிபரப்பாகிவிட்டார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பதிவைத் தொடங்குவதற்கு முன் வீரரைச் சுவரையோ விளம்பரத் தட்டியையோ முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்கச் சொல்லுங்கள். சட்டகத்தின் நான்கு மூலைகளையும் பாருங்கள். கண்ணாடி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள், ஏனெனில் கேமராவின் முதுகுப்பக்கம் இருப்பவரைக் கண்ணாடி காட்டிக்கொடுத்துவிடும். கேமராவை இறக்கும்போது முதலில் பதிவை நிறுத்தி, அதன் பிறகு இறக்குங்கள். செல்போனில் படம் பிடிப்பவர்களுக்கும் இவை அத்தனையும் பொருந்தும். அறையில் வெள்ளைப் பலகை இருந்தால் அதில் எழுதியிருக்கும் வியூகம் உங்கள் படத்தில் விழக்கூடாது.

படி 5: சொன்னது, காதில் விழுந்தது, கண்ணில் பட்டது

இதுதான் கடினமான படி. உங்கள் கேள்விக்கு வீரர் சொன்ன பதில் உங்களுடையது. அதில் சிக்கல் இல்லை. மற்ற இரண்டையும் எப்படிக் கையாள்வது என்பதற்கு 1998-ஆம் ஆண்டுச் சம்பவம் ஒன்றைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடையில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மார்க் மெக்வயர், 1961 முதல் ராஜர் மாரிஸ் பெயரில் இருந்த ஒரு பருவத்தில் 61 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை மைதான எல்லைக்கு வெளியே அடித்து எடுக்கும் ஓட்டம்) என்ற சாதனையைத் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய லாக்கரைச் சுற்றி நாள்தோறும் நிருபர் கூட்டம் நின்றது. அந்தக் கூட்டத்தில் இருந்த அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஸ்டீவ் வில்ஸ்டைன், திறந்திருந்த லாக்கரின் தட்டில் ஒரு பாட்டிலைப் பார்த்தார். அதன் மேல் ஆண்ட்ரோஸ்டெனடையோன் என்று எழுதியிருந்தது. எதையும் நகர்த்தவில்லை, எதையும் திறக்கவில்லை; எல்லோர் கண்ணெதிரிலும் இருந்ததைத்தான் படித்தார். அது என்ன பொருள் என்பதை மருத்துவம் அறிந்தவர்களிடம் விசாரித்தார். உடலில் டெஸ்டோஸ்டிரோனைக் கூட்டக்கூடிய அந்தப் பொருளை ஒலிம்பிக் அமைப்பும் என்.எஃப்.எல்.லும் தடைசெய்திருந்தன, பேஸ்பாலில் அப்போது தடை இல்லை. மெக்வயர் தரப்பிடமும் கேட்கப்பட்டது, அதை உட்கொள்வதை அவர் ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் செய்தி வெளிவந்ததும் அணியின் மேலாளர் டோனி லா ரூசா கொதித்தார். அந்தரங்கத்தில் மூக்கை நுழைத்த செய்தி நிறுவனத்தைக் கிளப்ஹவுஸுக்குள்ளேயே விடக்கூடாது என்றார். சக நிருபர்கள் சிலரும் வில்ஸ்டைன் செய்தது தவறு என்றே எழுதினார்கள். மெக்வயர் அந்தப் பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்து முடித்தார். 2004-ல் பேஸ்பால் அந்தப் பொருளைத் தடைசெய்தது. 2010 ஜனவரியில் மெக்வயர் ஸ்டீராய்டு பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

பின்னால் வெளிவந்த உண்மை வில்ஸ்டைனைக் காப்பாற்றியது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 2010-ல் எதுவுமே வெளிவராமல் போயிருந்தாலும் அவர் செய்தது சரிதான். பார்த்த பொருள் ஆட்டத்தோடும், நாடே பேசிய ஒரு சாதனையோடும் நேரடியாகத் தொடர்புடையது. அதைப் பார்க்க அவர் எந்த வேலியையும் தாண்டவில்லை. பார்த்த மாத்திரத்தில் எழுதாமல், என்னவென்று அறிந்து, சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு எழுதினார். இந்த மூன்றையும் கேள்விகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்: இது ஆட்டத்தைப் பாதிக்கிறதா? இதைப் பார்க்க நான் எதையாவது தொட்டேனா, திறந்தேனா, குனிந்தேனா? அவரிடம் கேட்டேனா? அதே தட்டில் மன அழுத்தத்துக்கான மாத்திரையோ, பிரிந்துபோன துணையின் கடிதமோ இருந்திருந்தால் முதல் கேள்வியிலேயே விஷயம் முடிந்திருக்கும். அதை நீங்கள் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகை அலுவலகத்தின் தேநீர்ப் பேச்சிலும் அது வரக்கூடாது.

காதில் விழுவதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீரரிடம் பேசி முடித்த பிறகு, ஒலிப்பதிவை நிறுத்த மறந்து செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நின்றேன். இரவு அமர்ந்து பதிவைக் கேட்டபோது, அருகில் இருந்த இன்னொரு வீரர் வீட்டாரோடு தொலைபேசியில் பேசியது தெளிவாகக் கேட்டது: குழந்தைக்குக் காய்ச்சல், மருத்துவமனையில் சேர்ப்பதா வேண்டாமா என்ற பேச்சு. அன்று அவர் மோசமாக ஆடியிருந்தார். எங்கள் செய்திப் பிரிவில் இருந்த ஒருவர், காரணம் கிடைத்துவிட்டது, எழுது என்றார். எழுதவில்லை, அந்தப் பகுதியை அழித்தேன். மறுநாள் அவரிடம், நேற்று கவனம் சற்றுச் சிதறியதாகத் தெரிந்ததே என்று மட்டும் கேட்டேன். வீட்டில் குழந்தைக்கு உடல்நலமில்லை, அதற்கு மேல் வேண்டாம் என்றார். அதைச் செய்தியில் சேர்க்கலாமா என்று கேட்டு, ஒப்புதல் வாங்கி, அந்த அளவோடு எழுதினேன். அன்றுமுதல் பேட்டி முடிந்ததும் பதிவை நிறுத்தி, நிறுத்தியதை எதிரே இருப்பவருக்குக் காட்டுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பேட்டியைத் தொடங்கும்போது செல்போனைக் கண்ணுக்குத் தெரியும்படி நீட்டுவதும் இதன் மறுபாதிதான்.

படி 6: காயமும் குடும்பமும்

வீரரின் உடலே அவருடைய தொழில் என்பதால் காயம் எப்போதும் செய்தியாகவே இருக்கும். ஆயினும் அதில் எவ்வளவு என்பதற்கு அளவு உண்டு. என்.எஃப்.எல். அணிகள் எந்த வீரருக்கு எங்கே காயம், ஆட வாய்ப்பு எப்படி என்பதை வாராவாரம் அறிவித்தாக வேண்டும். அதிலிருந்து தொடங்குங்கள். ஆட முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்பவை வாசகருக்குத் தேவை. மருத்துவ அறிக்கையின் தாள் வாசகருக்குத் தேவையில்லை.

2015 ஜூலையில் ஜேசன் பியர் பால் என்ற என்.எஃப்.எல். வீரர் பட்டாசு விபத்தில் கையில் காயமடைந்தார். அவருடைய விரல் அகற்றப்பட்டதைக் காட்டும் மருத்துவமனைப் பதிவேட்டின் படத்தை ஈ.எஸ்.பி.என். விளையாட்டுத் தொலைக்காட்சியின் நிருபர் ஒருவர் சமூக ஊடகத்தில் அப்படியே வெளியிட்டார். நோயாளியின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டம் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும்தான் கட்டுப்படுத்துகிறது, நிருபரைக் கட்டுப்படுத்தாது. இருந்தும் வீரர் வழக்குத் தொடுத்தார்; 2017-ல் அது சமரசத்தில் முடிந்தது. விரல் அகற்றப்பட்டது என்பது செய்தி. பதிவேட்டின் படம் அந்தச் செய்தி உண்மை என்று காட்டுவதற்கு ஆசிரியரின் மேசைக்குத் தேவைப்பட்டிருக்கலாம், அங்கேயே நின்றிருக்கலாம்.

உடைமாற்றும் அறையில் இந்தச் சிக்கல் சிறிய அளவில் தினமும் வரும். யாரோ நொண்டுவதை, தோளில் பெரிய பனிக்கட்டிப் பை கட்டியிருப்பதை, சிகிச்சை அறைக் கதவு திறந்து மூடும் இடைவெளியில் ஒருவர் படுத்திருப்பதைக் காண்பீர்கள். கண்டதைக் குறித்துக்கொண்டு, அவரிடமோ ஊடக மேலாளரிடமோ கேளுங்கள். கேட்பதற்கு முன் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விளையாட்டுப் பந்தயத்துக்கு மாநிலங்கள் வழிதிறக்க இடம் கொடுத்த பிறகு, இத்தகைய அரைகுறைத் தகவலுக்கு விலை கூடிவிட்டது. நண்பரிடம் வாய்தவறிச் சொன்னாலும் அது பந்தயக்காரரின் கைக்குப் போய்ச் சேரக்கூடும்.

குடும்பத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் இறுக்கமானவன். வீரர் புகழ் பெற்றவர். அவருடைய தாயும் பிள்ளையும் அப்படி அல்லர். இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸின் குடும்பத்தில் அவர் பிறப்பதற்கு முன் நடந்த ஒரு துயரத்தை 2019-ல் 'தி சன்' நாளிதழ் முதல் பக்கத்தில் வெளியிட்டது. அது எந்த ஆட்டத்தோடும் தொடர்புடையது அல்ல. 2021-ல் அந்த நாளிதழ் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் கொடுத்தது.

படி 7: பேசுவதற்கு முன்பே உடன்படிக்கை

'ஆஃப் தி ரெக்கார்ட்' என்ற சொல்லுக்கு ஒவ்வொருவர் மனதிலும் ஒவ்வொரு பொருள். எழுதவே கூடாது என்பது ஒருவர் பொருள். பெயர் போடாமல் எழுதலாம் என்பது இன்னொருவர் பொருள். வீரர் அந்தச் சொல்லைச் சொன்னதும் பேச்சை நிறுத்தி, எந்தப் பொருளில் சொல்கிறார் என்று கேளுங்கள். சொல்லி முடித்த பிறகு 'இது வெளியே வேண்டாம்' என்றால், விதிப்படி நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல் பருவம் ஆடுபவர் அப்படிச் சொன்னால் விதியைக் காட்டி எழுதுவது அற்பத்தனம். பத்தாண்டு அனுபவமுள்ள நட்சத்திரம் சொன்னால் அது வேறு. இந்த வேறுபாட்டை எந்த விதிப்புத்தகமும் எழுதித் தராது.

படி 8: மறுப்பவரிடம்

பேச விரும்பாத வீரரிடம் ஒருமுறை கேளுங்கள், விலகுங்கள். 2021 பிரெஞ்சு ஓப்பனில் டென்னிஸ் வீராங்கனை நவோமி ஒசாகா, பத்திரிகையாளர் கூட்டங்கள் தம் மனநலத்தைப் பாதிக்கின்றன என்று சொல்லி வர மறுத்தார். 15,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. பிறகு அவர் தொடரிலிருந்தே விலகினார். பேட்டி கொடுப்பது ஒப்பந்தக் கடமையாகவே இருந்தாலும், அதை நிறைவேற்ற வைப்பது லீக்கின் வேலை, நிருபரின் வேலை அன்று. வீரர் பேச மறுத்தார் என்று ஒரு வரியில் எழுதுங்கள். ஏன் மறுத்திருப்பார் என்ற உங்கள் ஊகத்தை எழுதாதீர்கள்.

அறைக்கு வெளியே தொடரும் செய்திப் பரிமாற்றத்துக்கும் இதே அளவுதான். 2022-ல் இந்திய விக்கெட் கீப்பர் விருத்திமான் சாஹா, பேட்டி தரவில்லை என்பதற்காக ஒரு நிருபர் தமக்கு அனுப்பிய மிரட்டல் தொனியிலான குறுஞ்செய்திகளைப் பகிரங்கமாக்கினார். விசாரித்த கிரிக்கெட் வாரியம் அந்த நிருபருக்கு இரண்டு ஆண்டு தடை விதித்தது. வீரரின் கைப்பேசி எண் உங்களிடம் இருப்பதும் ஓர் அனுமதிதான். பதில் வராத செய்திக்கு இரண்டாவது நினைவூட்டல் போதும்.

படி 9: செய்தி வெளிவந்த மறுநாள்

கடுமையாக எழுதிய மறுநாள் அறைக்குப் போகாமல் இருந்துவிட மனம் வரும். கட்டாயம் போங்கள். கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழைந்து, நீங்கள் யாரைப் பற்றி எழுதினீர்களோ அவர் பார்க்கக்கூடிய இடத்தில், கையில் எதுவும் இல்லாமல் நில்லுங்கள். அவர் வந்து திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் திட்டை எழுதாதீர்கள். பிழை என்று அவர் சுட்டுவது உண்மையிலேயே பிழையாக இருந்தால், எந்தப் பக்கத்தில் எப்போது திருத்தம் வரும் என்று அங்கேயே சொல்லுங்கள். பிழை இல்லையென்றால் அதையும் நேராகச் சொல்லுங்கள். அவர் ஒன்றும் பேசாமல் முதுகைத் திருப்பிக்கொண்டால், மூன்று நான்கு நிமிடம் நின்றுவிட்டு அடுத்த லாக்கருக்கு நகருங்கள். அங்கே எவரும் தேடாத மாற்று ஆட்டக்காரர் உடுத்தி முடித்துச் சும்மா அமர்ந்திருக்கக்கூடும்.